செரியாத மிச்சம்

மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து, தன் வண்டலையும் வேகத்தையும் ஒருங்கே இறக்கிவைத்துக் கடலோடு கலக்கும் கொட்டியாற்றுக் குடாவின் தென்கரையிலே, மூதூர் என்னும் பழம்பதியில், ‘வெள்ளைக்காரனின் மரம்’ என்று பெயர்பெற்ற ஒரு புளியமரத்தின் ஞாபகம் இன்றும் அழியாதிருக்கிறது. அந்தப் பெயரின் கதை இது: 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையிலே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல், அதைச் சீர்செய்யும் பொருட்டு இக்குடாவை நாடி வந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், வேறு சிலரையும் இந்தக் கரையிலே சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை மறுவருடமே காய்ச்சலில் மடிந்தார். மகனோ ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுகள், தொப்பி பின்னியும், நெல்லைக் கடன்கொடுத்தும், ஊரூராய்ச் சில்லறைச் சாமான் விற்றும் சீவித்து, 1679இல் ஸ்டீவன் றட்லண்ட் என்ற தோழரோடு தப்பி, அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

குடலின் நுண்ணங்கிகளைப் பற்றிய அத்தியாயத்தில் இந்தச் சிறைக்கதைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்பது நியாயமே. தப்பிச் செல்லும் வழியைத் தேடி வறண்ட வடபகுதிகளில் வியாபாரியாய் அலைந்த காலத்தில், குளங்கள் வற்றி எஞ்சிய சேற்று நீரைக் குடிக்க நேர்ந்தபோதெல்லாம் தமக்குக் கொடிய சுரம் கண்டதையும், கஞ்சா இலையைப் பொடித்துச் சர்க்கரைக்கட்டியோடு கலந்து காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டபின் நோய் அணுகாமற் போனதையும் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த இலையின் மகிமையை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று நீரின் வழியாக வயிற்றுக்குள் புகுந்து சரீரம் முழுவதையும் ஆட்டிவைக்கிறது என்ற ஐயம் அந்த மனிதருக்கு இருந்தது. அவர் ஊர் திரும்பி எழுதிய இலங்கைச் சரித்திர நூல் 1681இல் இலண்டனில் அச்சேறியபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் றொபேட் ஹூக். அந்தக் கஞ்சா இலையைப் பற்றி 1689இல் றோயல் சங்கத்தில் உரை நிகழ்த்தியவரும் அவரே.

ஹூக் என்பவர் நுணுக்குக்காட்டியின் வரலாற்றில் முதல் வரிசைப் பெயர். டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் ஊடாக நீர்த்துளியில் எண்ணிறந்த சிறு ஜந்துக்களைக் கண்டதாக எழுதியபோது, இலண்டன் அறிஞர் பலரும் நகைத்தனர். 1677 நவம்பரில் அதே காட்சியைச் சங்கத்தாரின் கண்ணெதிரே காட்டி, லீவன்ஹூக் கூறியது மெய்யென்று நிரூபித்தவர் ஹூக். (நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட டெல்ப்ட் என்ற பெயர் அந்த வணிகரின் ஊர்ப்பெயர்தான்.) அதே லீவன்ஹூக் 1681 நவம்பர் 4ஆந் திகதி எழுதிய கடிதமொன்றில், தமக்கு வயிறு இளகிப் போயிருந்த ஒரு நாளில் தமது மலத்தையே வில்லையின் கீழ் வைத்துப் பார்த்ததாகவும், அதிலே அழகாக அசைந்து திரியும் உயிர்களைக் கண்டதாகவும் அறிவித்தார். மனிதக் குடலுக்குள் வேறொரு ஜீவராசி குடியிருப்பதைக் கண்ணாற் கண்டு எழுதிய முதற் சாட்சியங்களுள் அது ஒன்று. ஆக, மூதூர்க் கரையில் பிடிபட்டவரின் நூலும் குடற்குடிகளைப் பற்றிய கடிதமும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். இரண்டின் பிறப்பிலும் ஹூக்கின் கை அருகே இருந்தது.

அந்தக் குடிகளின் தொகையை விஞ்ஞானிகள் நெடுங்காலம் மிகைப்படுத்திவந்தனர். மனிதக் கலங்களைப்போல் பத்து மடங்கு பற்றீரியா நம்முள் உண்டென்ற கணக்கு 1970களிலிருந்து பாடநூல்தோறும் படியெடுக்கப்பட்டது. 2016இல் மூன்று ஆராய்ச்சியாளர் அதை மறுபடி கணக்கிட்டு, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாவும் 30 இலட்சம் கோடி மனிதக் கலங்களும் இருக்கும் என்றும், அவ்வளவு பற்றீரியாவையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே வரும் என்றும் கண்டனர். ஒரு சிறங்கை அரிசியின் பாரந்தான். ஆனால் அந்தச் சிறங்கை எங்கே குவிந்திருக்கிறது என்பதிலே விஷயம் இருக்கிறது.

மூதூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. மலைச்சரிவில் பாய்ந்துவரும் மகாவலியில் சேறு தங்காது. வெருகற் பக்கம் வந்து பரந்து, அலுத்து, மெல்ல நகரும் கழிமுகத்திலேதான் வண்டல் படிந்து, கண்டல் வேரூன்றி, இறாலும் நண்டும் பெருகும். சமிபாட்டுத் தொகுதியும் இவ்வாறே. இரைப்பையின் அமிலத்தில் பற்றீரியா மிகச் சொற்பம்; சிறுகுடலின் வேகமான ஓட்டத்திலும் அவை நிலைகொள்ள முடியாது; ஆகாரம் மணிக்கணக்காய், சிலவேளை நாட்கணக்காய், தங்கி நிற்கும் பெருங்குடலிலே ஒரு மில்லிலீற்றரில் பத்தாயிரம் கோடி என்ற அளவில் அவை நெருங்கி வாழ்கின்றன. அங்கே அவற்றுக்குக் கிடைப்பதோ நாம் உண்டதில் நமது நொதியங்கள் தொட முடியாமல் விட்டுவிட்ட மிச்சம்: தவிடு, கீரையின் நார், பயற்றந்தோல், பலாக்கொட்டை மாவின் ஒரு பகுதி. இந்த மிச்சத்தை அவை என்ன செய்கின்றன என்ற கேள்வியிலேதான் சரீரத்தின் அனுசேபத்தைப் பற்றிய புதிய அத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதற்கு விடைகாண நுணுக்குக்காட்டி தேவையில்லை; மூதூர் வயலோரத்து எருமைப் பட்டிக்குப் போனாற் போதும். வைக்கோலைத் தின்று பால் தருகிறதே எருமை, அந்த வைக்கோலைச் செரிக்க வல்ல நொதியம் எருமையிடம் கிடையாது. அதன் முதல் வயிறு ஒரு பெரிய புளிக்கும் தொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணங்கிகள் நாரை உடைத்து அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. எருமையின் சக்தியில் பெரும்பகுதி, ஏறத்தாழ எழுபது சதவீதம், அவ்வமிலங்களிலிருந்து வருவது. ஆகவே பட்டிக்காரர் மேய்ப்பது எருமையை என்பதைவிட எருமைக்குள் இருக்கும் மந்தையை என்பதே பொருந்தும். மனிதனிடமும் அத்தகைய தொட்டி உண்டு. சிறிது, அமைந்திருப்பதும் பாதையின் கடைசியில். நார் நிறைந்த ஆகாரம் உண்பவருக்கு அன்றாட சக்தியில் பத்து சதவீதம் வரை இவ்வழியே கிடைக்கலாம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

பத்து சதவீதம் அற்பம் என்று எண்ணவேண்டாம். அந்த மூன்று அமிலங்களுள் பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கே நேரடியான உணவு; அக்கலங்கள் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசைவிட இதையே விரும்பி எரிக்கின்றன. மற்ற இரண்டும் இரத்தத்தோடு கலந்து ஈரலுக்கும் அப்பாலும் செல்கின்றன. வழியிலே குடற்சுவரிலுள்ள சில கலங்களைத் தூண்டி, பசியைத் தணிப்பனவும் இன்சுலின் சுரப்பை ஊக்குவனவுமான ஓமோன்களை வெளிவிடச் செய்கின்றன. மிச்சத்தைத் தின்னும் குடிகள் இவ்வாறு வீட்டின் வரவு செலவுக் கணக்கிலேயே கைவைக்கின்றன.

கைவைப்பது எவ்வளவு தூரம் என்பதை அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜெவ்ரி கோர்டன் என்பவரின் ஆய்வுகூடம் காட்டியது. பிறந்தது முதல் ஒரு பற்றீரியாவும் தீண்டாமல், காற்றையும் உணவையும் தொற்றுநீக்கிக் கொடுத்து வளர்த்த எலிகள், சாதாரண எலிகளைவிட மிகுதியாகத் தின்றும் மெலிந்தே இருந்தன. 2004இல் வெளியான பரிசோதனையில், அந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடற் பற்றீரியாவைக் கொடுத்ததும், தீனியைக் குறைத்துக்கொண்டபோதிலும், பதினான்கே நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு அறுபது சதவீதம் கூடிற்று. இன்சுலினுக்கு உடல் இசைவதும் மந்தமாயிற்று. 2013இல் இன்னும் விசித்திரமான ஒன்று நடந்தது. ஒருத்தி பருத்தும் ஒருத்தி மெலிந்தும் இருந்த இரட்டைப் பெண்களின் குடற் பற்றீரியாவைத் தனித்தனி எலிகளுக்கு இட்டனர். பருத்தவளின் பற்றீரியாவைப் பெற்ற எலிக்குக் கொழுப்பு ஏறிற்று. பின்பு இரு வகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டனர். எலிகள் ஒன்றன் மலத்தை ஒன்று தின்பவை ஆகையால் குடிகள் இடம்மாறின. மெலிந்தவளின் பற்றீரியா மற்ற எலிக்குள் புகுந்து அது பருப்பதைத் தடுத்தது. ஆனால் நார் மிகுந்து கொழுப்புக் குறைந்த தீனி கொடுத்தபோதே இது நடந்தது. நார் குறைந்து கொழுப்பு மிகுந்த தீனியில் நல்ல குடிகள் வந்தும் குடியேறவில்லை. இப்பரிசோதனைகளைப் படித்துவிட்டு ‘ஒல்லிக் கிருமி’யை மாத்திரையில் அடைத்து விற்கப் புறப்பட்டவர்கள், தீனியைப் பற்றிய அந்தப் பிற்பாதியை வாசிக்கவில்லைபோலும்.

நார் அறவே கிடைக்காவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகும் என்று நினைத்தால் அதுவுமில்லை. 2016இல் எலிகளில் செய்த ஓர் ஆராய்ச்சியில், நாரற்ற தீனி உண்ட எலிகளின் குடற் பற்றீரியா, குடற்சுவரைக் காக்கும் சீதப் படலத்தையே தின்னத் தொடங்கிற்று. அடுப்புக்கு விறகில்லாத குடியானவன் கூரை வரிச்சைப் பிடுங்கி எரிப்பதுபோல. படலம் மெலிந்ததும் நோய்க்கிருமி சுவரை எளிதில் அணுகிற்று.

எலிகள் போகட்டும், நமக்கு அண்மையில் உள்ள மனித சாட்சியம் வேலூரிலே இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணா என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வை, இத்துறையில் நான் வாசித்தவற்றுள் மிக நேர்த்தியானது என்று சொல்லத் தயங்கேன். கொலரா சிறுகுடலைத் தாக்கி நீரை வெள்ளமாய்ப் பெருக்குகிறது. வாயால் ஊட்டும் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிரைக் காத்தாலும் கழிச்சலை உடனே நிறுத்துவதில்லை. இவர்களோ நோய் தீண்டாத பெருங்குடலை நினைத்தார்கள். சிறுகுடலில் செரியாத ஒருவகைச் சோள மாப்பொருளை, லீற்றருக்கு ஐம்பது கிராம் வீதம், அந்தக் கரைசலோடு சேர்த்தனர். செரியாத மா பெருங்குடலை அடைந்தது. பற்றீரியா அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலி அமிலங்களாக்கிற்று. அவ்வமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும், அதனோடு நீரையும் உள்ளிழுத்துக்கொண்டது. நாற்பத்தெட்டு நோயாளரிடம் சோதித்ததில், மா சேர்த்த கரைசல் குடித்தவர்களின் கழிச்சல் குறைந்தது, சீக்கிரம் நின்றது. பற்றீரியாவால் வந்த நோய்க்குப் பற்றீரியாவையே கூலிக்கு அமர்த்திய வைத்தியம் இது. அதே கல்லூரியினர் 1980இல், மனிதச் சிறுகுடலில் வாழும் சில பற்றீரியா விற்றமின் பி12 ஐயும் ஆக்குகின்றன என்று காட்டியிருந்தார்கள்.

செரியாத மாப்பொருளைப் பெற வெளிநாட்டுச் சோளம் தேவையில்லை. சோறு வேகும்போது மாப்பொருளின் சங்கிலிகள் நெகிழ்ந்து அவிழ்கின்றன. ஆறும்போது அவற்றுட் சில மறுபடி நெருங்கிப் படிகம்போல் இறுகுகின்றன. இறுகியவற்றை நமது நொதியம் எளிதில் உடைக்க முடியாது. 2015இல் கொழும்பு இரசாயனவியல் நிறுவகத்தைச் சேர்ந்த கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், தம் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில், இலங்கையின் முப்பத்தெட்டு அரிசி வகைகளைச் சோதித்தார். அரிசி போடுமுன் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, வெந்த சோற்றைப் பன்னிரண்டு மணிநேரம் குளிர்பெட்டியில் வைத்தால் செரியாத மாப்பொருள் கூடுகிறது என்றும், மீண்டும் சூடாக்கினாலும் அது குறைவதில்லை என்றும் அமெரிக்காவில் நடந்த இரசாயன மகாநாட்டில் அறிவித்தார்.

உலகப் பத்திரிகைகள் இதைப் புதுமையென்று கொண்டாடின. மூதூர் மீனவன் சிரித்திருப்பான். விடியற்காலை தோணி தள்ளுமுன், இரவு நீரூற்றி வைத்த பழஞ்சோற்றைப் பிழிந்தெடுத்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் நசுக்கிப்போட்டு, முதல்நாள் மீன் குழம்பு சட்டியின் அடியில் இருந்தால் அதையும் வழித்து, எருமைத் தயிர் விட்டுப் பிசைந்து, தாயானவள் உருட்டி உருட்டிக் கையில் வைக்க அவன் உண்டு போகிறான். குளிர்ந்து இறுகிய மாப்பொருளும், இரவெல்லாம் நீரில் பெருகிய புளிப்புப் பற்றீரியாவும் அந்தக் கவளத்திலே சேர்ந்திருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையினர் குடலழற்சி நோயாளரிடம் பழைய சோற்றை முறையாகப் பரிசோதிக்க முற்பட்டதும் இந்தப் பாட்டி வைத்தியத்தை ஆதாரத்தோடு அறியும் பொருட்டே.

தயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சிய எருமைப்பால் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறைமோராய் விட்டுச் சட்டிகளில் ஊற்றி வைப்பார்கள்; சுட்ட மண் நீரை மெல்ல உறிஞ்ச, மறுநாள் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் கிடைக்கும். இத்தகைய புளித்த பாலே நீண்ட ஆயுளின் இரகசியம் என்று நூறாண்டுகளுக்கு முன் பிரசாரம் செய்தவர், 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ். பெருங்குடல் நஞ்சு ஊறும் பயனற்ற உறுப்பு என்பதும், தயிர்ப் பற்றீரியா அங்கே குடியேறித் தீயனவற்றை அடக்கும் என்பதும் அவரது சித்தாந்தம். இரண்டுமே பிழை. பெருங்குடல் பயனற்றதல்ல என்பதை மேலே கண்டோம்; தயிர்ப் பற்றீரியாவும் பெரும்பாலும் யாத்திரிகர்களே, சில நாள் தங்கிப் போய்விடுவார்கள். போகும் வழியில் பாற்சர்க்கரையைச் செரிக்க உதவுகிறார்கள். பால் ஒவ்வாத பலருக்குத் தயிர் ஒத்துப்போவது அதனாலேயே. நாள்தோறும் புளித்த பால் அருந்திய மெச்னிக்கோவ் எழுபத்தோராம் வயதில் காலமானார்.

இத்துறையில் மிகைப்பேச்சு அதிகம் என்பதற்கு இன்னொரு உதாரணம் கடற்கரையிலேயே இருக்கிறது. கெட்டுப்போன மீனின் வீச்சம் திரைமெதிலமீன் என்ற வாயுவால் வருவது. இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள சில பொருள்களிலிருந்து நமது குடற் பற்றீரியாவும் அதே வாயுவை ஆக்குகின்றன. ஈரல் அதை ஒட்சியேற்றி இரத்தத்தில் விடுகிறது. அப்பொருள் மிகுந்தவர்களுக்கு இருதய வியாதி அதிகமென்று 2011 முதல் அமெரிக்க ஆய்வுகள் காட்டிவந்தன. உடனே பற்றீரியாவே மாரடைப்பின் கர்த்தா என்றனர் சிலர். ஆனால் அந்த ஒட்சியேறிய பொருள் கடல்மீனிலேயே நிறைய உண்டு. மீனுண்போருக்கு மாரடைப்பு மிகுவதாகவோ சான்றில்லை. சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாய் இருப்பது வேறு. சலரோகத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். இலங்கையில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரைப் பீடித்துள்ள அந்நோய்க்குப் பரம்பரை, உழைப்பின்மை, சீனித் தேநீர் என்று பல வாசல்கள் உண்டு. குடற்குடிகளின் குலைவு அவற்றுள் ஒன்றே.

ஆயினும் அந்த வாசலை நாமாகவே திறந்துவைத்தோம் என்பது என் அபிப்பிராயம். உரலில் குத்திய தவிட்டரிசி போய் வெள்ளைவெளேரென்று தீட்டிய அரிசி வந்தது. காலைப் பழஞ்சோறு போய்ப் பாணும் பிஸ்கற்றும் வந்தன. பயறும், குரக்கனும், முருங்கையிலையும் ஏழையின் ஆகாரமென்று ஒதுக்கப்பட்டன. சிறுகுடலிலேயே முழுதும் கரைந்து இரத்தத்தில் ஏறும் உணவை நாகரிகம் என்று கொண்டாடினோம். கழிமுகத்துக் குடிகளுக்கு ஒன்றும் எஞ்சவில்லை. போதாக்குறைக்குச் சாதாரணச் சளிக்கும் அன்ரிபயோற்றிக் விழுங்குகிறோம். சளிக்குக் காரணமான வைரசை அது தொடுவதில்லை, குடலின் குடிகளையோ கூட்டத்தோடு அழிக்கிறது.

பழஞ்சோறு உண்ண விரும்பும் வாசகருக்கு இரண்டு குறிப்புகள். வெந்த சோற்றை மூடிய பானையில் சூடாறாமல் நெடுநேரம் விட்டால், வேகும்போது சாகாத ஒருவகைப் பற்றீரியாவின் வித்து முளைத்து வாந்தி உண்டாக்கும். ஆகையால் சோற்றைப் பரப்பி விரைவில் ஆறவிட்டு நல்ல நீர் ஊற்றிவைத்து, காலையிலேயே உண்டு முடித்துவிடுங்கள். சலரோகக்காரர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சோறு பழஞ்சோறே ஆனாலும் அளவு ஒரு கிண்ணந்தான்.